அரச இணையத்தளங்களும் பாவனையாளர் அனுபவமும்

கடையொன்றில் கேட்ட பொருள் கிடைக்காவிடில் வாடிக்கையாளர் அடுத்த கடையை நாடிச் செல்வார். இணையத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் நிலையும் இதுவே. ஆனால் கடவுச்சீட்டுக்கோ பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கோ அரச இணையத்தளத்தை நாடுபவருக்கு வேறு கடை கிடையாது. தனியார் தளம் குழப்பமாக அமைந்தால் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரை இழக்கின்றது. அரச தளம் குழப்பமாக அமைந்தாலோ பிரஜை தனது உரிமையொன்றை இழக்க நேரிடுகின்றது. இவ்வேறுபாடு எமது நாட்டில் போதியளவு உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

இணையத்தள வடிவமைப்பில் 'பாவனையாளர் அனுபவம்' எனப்படுவது யாது? தளத்தின் நிறமும் படங்களும் மட்டுமே அதுவெனப் பலரும் கருதுகின்றனர். அமெரிக்க அறிஞரான டொனால்ட் நோர்மன் 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் இச்சொற்றொடரைப் பரவலாக்கினார். ஒரு பொருளையோ சேவையையோ நாடும் மனிதர் தொடக்கம் முதல் இறுதி வரை எதிர்கொள்ளும் அனைத்தும் இதில் அடங்கும். இதன் முக்கிய கூறாகிய பயன்பாட்டுத் தன்மையை அளப்பதற்குச் சர்வதேச தர நிர்ணய அமைப்பு 1998 ஆம் ஆண்டு மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. வந்தவர் தனது கருமத்தை முடித்தாரா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின, முடிவில் அவர் திருப்தியுற்றாரா என்பனவே அவை.

இவற்றுள் முதலாவது தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் சுகாதாரக் காப்புறுதி இணையத்தளம் தக்க சான்றாகும். 2013 ஒக்டோபர் முதலாம் திகதி அது திறந்து வைக்கப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் அதனை நாடினர். எனினும் முதல் நாளில் காப்புறுதித் திட்டமொன்றில் இணைந்து முடித்தவர்கள் 6 பேர் மாத்திரமே. அளவுக்கதிகமான நெரிசலைத் தளம் தாங்கவில்லை என்பது ஒரு காரணம். திட்டங்களின் விபரங்களைப் பார்ப்பதற்கு முன்னரே கணக்கொன்றைத் திறக்குமாறு அனைவரும் கட்டாயப்படுத்தப்பட்டமை மற்றொரு காரணம். விலையை அறிய வந்தவரும் வாசலிலேயே தடுக்கப்பட்டார். பின்னர் கணக்கின்றியே விபரங்களைப் பார்வையிட வழி செய்யப்பட்டதோடு, ஏனைய குறைகளும் இரண்டு மாதங்களில் பெருமளவு சீர்செய்யப்பட்டன. செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை எனின், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எமது நாட்டில் இப்பிரச்சினை மொழியோடும் பின்னிப் பிணைந்துள்ளது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்பாடும் உரிமையை விரிவுபடுத்தியது. எனினும் சில அரச தளங்களில் 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால் முகப்புப் பக்கம் மாத்திரமே தமிழில் தோன்றுகின்றது. படிவமும், தவறு நேர்ந்தால் வரும் அறிவித்தலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில் மொழி கைவிட்டு விடுகின்றது. முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரிக்கப்பட்ட ஆவணங்கள் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றின. யுனிகோட் முறை அச்சிக்கலைத் தீர்த்து விட்டது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அமைக்கப்பட்ட பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுண்டு நிற்கும் நிலை இன்னும் முற்றாக நீங்கவில்லை.

மொழியைவிடவும் கவனிக்கப்படாத விடயம் பெயராகும். மேலைத்தேய வழக்கைப் பின்பற்றிய படிவங்கள் 'முதற் பெயர்', 'குடும்பப் பெயர்' என இரு கட்டங்களைக் கொண்டு, இரண்டையும் நிரப்புமாறு வற்புறுத்துகின்றன. தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் எழுதுகின்றனர். முஸ்லிம்களின் பெயர்களில் தந்தையின் பெயரும் 'முகம்மது' போன்ற பெயரும் சேர்ந்து வருவதுண்டு. எது குடும்பப் பெயர் என்பதற்கு அங்கும் விடையில்லை. மூதூரிலோ ஹட்டனிலோ உள்ள மாணவி ஒருவர் ஒரு படிவத்தில் தந்தையின் பெயரையும் மற்றொன்றில் தனது பெயரையும் அக்கட்டத்தில் எழுதினால், பதிவேடுகளில் அவர் இரு வேறு நபர்களாகி விடுவார். பின்னர் புலமைப்பரிசிலோ விசாவோ கோரும்போது சத்தியக்கடதாசி பெற அலைய வேண்டியவர் அவரே. 'தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறு முழுப் பெயர்' என ஒரே கட்டம் இருந்திருப்பின் இவ்வலைச்சல் நேர்ந்திராது.

நல்ல முன்மாதிரியும் எம்மிடம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமானது. பெற்ற குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் காட்டலாம் என்ற வசதி அதில் இருந்தது. நவீன கையடக்கத் தொலைபேசி இல்லாதவரும் பிறர் உதவியுடன் ஒருமுறை பதிவு செய்தால் போதுமாயிற்று. பாவனையாளரின் நிலையில் நின்று சிந்திப்பது என்பது இதுவே.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு தளத்தை 5 பேரைக் கொண்டு பரீட்சித்தாலே அதிலுள்ள குறைகளில் 85 சதவீதமளவு வெளிப்பட்டு விடும் எனத் துறை வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டு எழுதினார். கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் ஐவரைக் கொண்டு சோதிப்பதே அவர் கூறிய வழி. எமது திணைக்களங்கள் தளமொன்றைத் திறந்து வைக்க முன்னர் பிரதேச செயலகம் ஒன்றில் காத்திருப்போரை அழைத்து, தமிழ்ப் படிவத்தைத் தொலைபேசியில் நிரப்பச் சொல்லி அருகிலிருந்து அவதானிக்கலாம். அவர்களுள் தமிழரும் முஸ்லிமும், முதியவரும், பார்வைக் குறைபாடுடையோரும் இடம்பெற வேண்டும்.

அலுவலகக் கருமபீடத்தில் தமிழ் தெரிந்த அலுவலர் இல்லாவிடில் முறையிடுகின்றோம். இணையத்தளமும் ஒரு கருமபீடமே. அங்கு நேரும் தடையை எமது அறியாமை என எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. படிவம் புரியாதபோது குறையைப் படிவத்தில் தேட வேண்டும். அதனை எழுத்து மூலம் உரிய திணைக்களத்துக்கு அறியத்தரவும் வேண்டும். அதனைத் திருத்துவது அவர்களது கடமையாகும்.