தண்டு விரதமும் பஞ்சாமிர்த டப்பாவும்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள். தீபாவளிக்குச் சுட்ட அதிரசமும் முறுக்கும் டப்பாவில் பாதிகூடக் காலியாகியிருக்காது. அதற்குள் பழனியில் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். யார் என்ன விரதம் என்பதுதான் அடுத்த ஆறு நாளும் பேச்சு. ஒருவர் பாலும் பழமும் மட்டும் என்பார். இன்னொருவர் மதியம் ஒருவேளைச் சோறு, ராத்திரிக்குத் தண்ணீர் என்பார். இளநீர் விரதம், மிளகு விரதம் என்று கடுமையான வகைகளும் உண்டு. ஆறாம் நாள் மாலை கிரிவீதியில் சூரசம்ஹாரம். விரதத்தை முடிப்பதில் பழனிக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது: வாழைத்தண்டு சேர்த்த உணவை உண்டு நிறைவு செய்வது. 'தண்டு விரதம்' என்றே அதற்குப் பெயர்.

பழனி மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானல் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் ஒரே ஒரு முழுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதை 'ஒருசந்தி' என்பார்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். நகரத்து ஜிம் வாசலில் 'ஐ.எஃப்.' (இடைவிட்ட பட்டினி), '16:8' (பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு) என்று பேசிக்கொள்ளும் இளைஞர்களிடம் இருப்பதும் இந்தப் பழைய சரக்குதான். நோக்கம் மட்டும் வேறு. அவர்களுக்கு வேண்டியது புண்ணியமில்லை, சுகர் ரிப்போர்ட்டில் நல்ல எண்.

பலகார விரதம்

அந்த எண் நம்மை மிரட்டத்தான் செய்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நோயாளிகள். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு இது.

விரதம் இருக்கும் ஊரில் இவ்வளவு சர்க்கரை எப்படி என்று கேட்கலாம். விரதத்தன்று வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி "இன்னிக்கு விரதம், சோறு வேண்டாம், பலகாரம் பண்ணிக்கலாம்" என்று சொல்லி ஆறு இட்லி, நாலு தோசை, மேலே ஒரு டம்ளர் பால் சர்க்கரையோடு. ஜவ்வரிசி உப்புமாவுக்கும் விரதச் சமையலில் இடமுண்டு; ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கு மாவுச்சத்தின் உருண்டை. சாமி இதை ஏற்றுக்கொள்ளலாம். கணையம் ஏற்றுக்கொள்ளாது.

உடம்புக்குள் நடக்கும் கணக்கு

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை அடக்க இன்சுலின் வரும். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கிளைகோஜனாக மாற்றி, சுமார் 100 கிராம் வரை இருப்பு வைத்துக்கொள்ளும். சாப்பாடு வராத நேரத்தில் இந்த இருப்பிலிருந்துதான் செலவு நடக்கும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டும்போது இருப்பு குறைய, இன்சுலினும் தாழ, உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களாக்கி எரிக்கத் தொடங்கும். இது எத்தனை மணிக்கு நடக்கும் என்பது முந்தின நாள் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம் என்பதைப் பொறுத்தது.

ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, விடிகாலை ஐந்தரைக்குச் சர்க்கரை போட்ட டீ என்று வாழ்கிறவருக்குக் கிடைக்கும் இடைவெளி ஏழு மணி நேரம். இருப்பு தீர்வதற்குள் அடுத்த மூட்டை வந்து இறங்கிவிடுகிறது.

'ஆட்டோஃபேஜி' என்ற சொல்லையும் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். செல் தன் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்தும் முறை அது. இந்த முறையை ஈஸ்ட் செல்களில் ஆராய்ந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு ஈஸ்ட் ஆய்வுக்கு. "பதினாறு மணி நேரம் ஆனதும் உடம்பில் சுத்திகரிப்பு ஆரம்பம்" என்று மணி அடித்துச் சொல்பவர்களின் பேச்சை அந்தப் பரிசோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

மதியச் சோறா, ராத்திரிச் சோறா

நம்மூர் 16:8 பெரும்பாலும் காலை டிபனை வெட்டுவதில் தொடங்கி, ராத்திரி எட்டு ஒன்பது வரை சாப்பிடுவதில் முடியும். இந்த வகையைக் கலிஃபோர்னிய ஆராய்ச்சியாளர்கள் 116 பேரிடம் 12 வாரம் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நண்பகல் முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. குறைந்த எடையிலும் கணிசமான பங்கு தசை சார்ந்தது என்பது கூடுதல் தலைவலி.

2018-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனை சிறியது. எட்டே ஆண்கள், எல்லோரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் இருந்தவர்கள். ஆறு மணி நேரத்துக்குள், அதுவும் பிற்பகல் 3 மணிக்கு முன்பே, அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்துவிடச் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது. எட்டுப் பேரை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் மதியம் ஒருவேளை உண்டு ராத்திரியை விட்டுவிடும் சஷ்டி விரதக்காரரின் கடிகாரம், காலை டிபனை வெட்டும் ஜிம் இளைஞரின் கடிகாரத்தைவிட இந்தச் சோதனைக்கு நெருக்கமாக இருக்கிறது.

சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு (2022) இன்னொன்றைக் காட்டியது. இரு பிரிவினருக்கும் ஒரே அளவு கலோரி. ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்ற நேரக் கட்டுப்பாடு. அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ, புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. தட்டில் விழுவது குறைந்தால்தான் இடுப்பும் குறையும். அப்படிக் குறைத்துக்கொள்ள, கடிகாரம் சிலருக்கு எளிய வழி, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி நேரம் போதும்

தொடங்குகிறவர் முதல் இரண்டு வாரத்துக்குச் செய்ய வேண்டியது, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து மறுநாள் காலை ஏழரைக்குப் பிறகே வாயைத் திறப்பது. இதற்கு விரதம் என்று பெயர்கூட வேண்டாம். இது பழகிய பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் பதினான்கு மணி நேரம் வரை நீட்டிப் பார்க்கலாம். இடைவெளியில் தண்ணீர், சர்க்கரையில்லாத கடுங்காப்பி, வெறும் சுக்குத் தண்ணீர் சரி. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி விரதக் கணக்கில் சேராது, கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சாப்பிடும் நேரத்தில் என்ன விழுகிறது என்பது இன்னும் முக்கியம். சோற்றைக் குறைத்துச் சுண்டல், பருப்பு, முட்டை, மீன், கொள்ளு ஆகியவற்றைக் கூட்டாவிட்டால் கரைவது தசைதான். பழனி மலைத்தொடரில் இதற்குத் தோதான சரக்குக்குப் பஞ்சமில்லை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே காய்க்கும் பட்டர் ஃப்ரூட், சவ்சவ். மேலே பீன்ஸ், பூம்பாறை அடுக்கு வயல்களின் மலைப்பூண்டு. பட்டர் ஃப்ரூட்டை ஜூஸ் கடையில் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டு அடிக்காமல், உப்பும் மிளகும் தூவிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் பசி நெடுநேரம் எட்டிப் பார்க்காது.

குளிரும் டீயும்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைச்சாலையில் சுமார் 65 கிலோமீட்டர். வேர்வையில் கிளம்பியவர், கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டரோடு இறங்குவார். இறங்கியதும் கை டீயைத் தேடும். பஜ்ஜி, சுட்ட சோளம், பிரெட் ஆம்லெட், சாக்லேட் கடை என்று ஏரியைச் சுற்றி வரிசை நிற்கும். சுற்றுலா வந்த நாளில் விரதத்தைத் தொடங்குவது வீண் வம்பு.

ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வேறு. குளிரில் தாகம் தெரியாது. உயரத்தின் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டோடு உள்ளே போகும் நீரும் விரதத்தில் நின்றுவிடும். இன்சுலின் தாழும்போது சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு என்று முதல் வாரத்தில் பலர் சொல்வது பசியால் மட்டும் வருவதில்லை, நீரும் உப்பும் குறைவதாலும் வருவது. வெந்நீரைப் பிளாஸ்க்கில் வைத்துத் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்கலாம்; ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் அதில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கலாம்.

அதிகாலை டீதான் கடைசிக் கோட்டை. அதை நிறுத்த முடியாதவர் அதையே நாளின் முதல் உணவாகக் கணக்கு வைத்து, இரவுச் சாப்பாட்டை ஆறுக்கு இழுத்துவிடலாம். கணக்கு ஒன்றுதான், சண்டை இல்லை.

மாத்திரை போடுகிறவர்கள்

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. கொண்டுவருகிறவரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, "விரதம் இருக்கப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கக் கூடாது. காரணம் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை அப்படியில்லை. வயிறு காலியாக இருந்தாலும் அவை வேலையை நிறுத்தாது. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறு சிக்கல்: ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் விஷமாகி வாந்தி, மூச்சிரைப்பு வரலாம்.

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, அல்லது சர்க்கரை பார்க்கும் கருவியில் 70-க்குக் கீழ் என்றால் விரதம் அந்த நிமிடமே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். கால் மணி நேரத்தில் மறுபடி சோதனை. "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று தாக்குப் பிடிப்பது பக்தியுமாகாது, மருத்துவமுமாகாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், டைப்-1 சர்க்கரை உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் உள்ளவர்கள் ஆகியோர் இந்த முயற்சியில் இறங்கவே வேண்டாம்.

21 மிளகு

மிளகு விரதத்தில் முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று ஏறி ஆறாம் நாள் ஆறு. மொத்தம் 21 மிளகும் தண்ணீரும். மருத்துவ மொழியில் இது நீண்ட பட்டினி. ஒருவேளைச் சோற்று விரதத்தோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாதது.

நீண்ட பட்டினிக்கு உலகம் காட்டும் பெயர் ஆங்கஸ் பார்பியேரி. ஸ்காட்லாந்துக்காரர், 27 வயது, 207 கிலோ. 1965-ல் தொடங்கி 382 நாள் சோறில்லாமல் இருந்து 82 கிலோவுக்கு வந்தார். இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் விட்டுவிடும் பகுதி: டண்டி நகர மருத்துவர்கள் அவரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள், ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள், வைட்டமினும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பட்டினிச் சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. யூரிக் அமிலம் ஏறிக் கீல்வாதம் கிளம்புவதும், பித்தப்பையில் கல் சேர்வதும் நீண்ட பட்டினியின் தெரிந்த விளைவுகள். ஒரு நாளைத் தாண்டிய எந்தப் பட்டினிக்கும் மருத்துவரின் கண் வேண்டும்.

முதல் வாய்

ஆபத்து பட்டினியோடு முடிவதில்லை. முதல் சாப்பாட்டிலும் காத்திருக்கும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர் திடீரென இனிப்பும் சோறுமாக உண்டால் இன்சுலின் துள்ளி எழும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் ஓடும். இதயத் துடிப்பு தடுமாறலாம்.

இந்த இடத்தில் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து பார்க்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாட்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். நெய்யையும் ஏலக்காயையும் தவிர மற்ற எல்லாம் வேறு வேறு வடிவத்தில் சர்க்கரை. காலி வயிற்றில் இரண்டு கரண்டி என்பது கணையத்தை உலுக்கி எழுப்புவது.

வாழைத்தண்டோ முக்கால்வாசிக்கு மேல் நீர், கூடவே நார். நறுக்கும்போது விரலில் நூல் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டியிருக்கும். மோரில் போட்டால் கறுக்காது. நன்றாக மென்றால்தான் தொண்டைக்குள் இறங்கும் என்பதால் வேகமாக உண்ண வழியே இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்தை நினைத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பகல் முழுக்க நோன்பிருந்தவர் பருப்பும் கறியும் குழைந்த கஞ்சியில் நோன்பு திறப்பதும் இதே சாமர்த்தியத்தின் இன்னொரு வடிவம்.

ஆகவே ஒருவேளை விரதத்தை முடிப்பவருக்கு வரிசை இப்படி இருக்கலாம்: முதலில் வெந்நீர் அல்லது நீர்மோர், அப்புறம் தண்டுப் பச்சடி, கொஞ்ச நேரம் கழித்துப் பருப்பும் காயும் கூடுதலாக, சோறு கொஞ்சமாக. பஞ்சாமிர்தம் பிரசாதம் என்பதால் விடவும் முடியாது. சாப்பிட்டு முடித்த பிறகு உள்ளங்கையில் ஒரு டீஸ்பூன் வாங்கி நக்கிக்கொண்டு, டப்பாவில் உள்ள மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்கு அன்றைக்கே கொடுத்தனுப்பிவிடலாம்.