மேடை ஒலிக்கருவியின் பழுதும் பரிகாரமும்

தமிழாசிரியன் ஒருவன் மின்கருவியைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், நமது கல்லூரி மண்டபத்தில் நாடகம் பழக்குவதும் நவராத்திரி விழாவுக்கு மாணவரை மேடையேற்றுவதும் பல்லாண்டுகளாக என் பொறுப்பாயிருந்தமையால், அவர்தங் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசெல்லும் பெட்டியோடும் எனக்கு ஓர் உறவு உண்டாயிற்று. அதனை யாவரும் மிக்ஸர் என்பர். 'ஒலிக்கலப்பி' என்று நான் இட்ட பெயரை மாணவர் ஏற்றிலர். கடலையும் ஓமப்பொடியுஞ் சேர்ந்த தின்பண்டத்துக்கும் அதுவே பெயராயினும், பலவற்றை அளவறிந்து கலத்தல் இரண்டிற்கும் பொதுவாகலின் நானும் அப்பெயருக்கு உடன்பட்டுவிட்டேன்.

ஒலிவாங்கியில் நாம் பேசும்போது அதனுள் எழும் மின்னழுத்தம் மிகச் சிறிது; ஒரு வோல்ற்றை ஆயிரங் கூறிட்டால் அவற்றுட் சில கூறுகளே அதன் அளவு. ஒவ்வோர் ஒலிவாங்கியும் மிக்ஸரில் தனக்கென அமைந்த ஒரு வழியிற் புகுகின்றது. இதனைச் சனல் என்பர். அங்கு அக்குரல் பல நூறு மடங்கு பெருக்கப்பெற்று, கனமும் கூர்மையும் திருத்தப்பெற்று, மேலுங் கீழுமாக நகரும் பேடர் என்னும் பிடியால் அளவு குறிக்கப்பெறுகின்றது. பின்னர் எல்லாச் சனல்களும் ஒன்றாய்க் கலந்து, பெருக்கிக்கும் அதன்வழி ஒலிபெருக்கிக்குஞ் செல்கின்றன. ஒரு குரல் மட்டும் கெட்டால் கலக்குமுன் பழுது. எல்லாக் குரலுங் கெட்டால் கலந்தபின்னரோ மின் வழங்கும் பகுதியிலோ பழுது. இவ்வொன்றை அறிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரி விழாவின் இறுதிநாள் இரவு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விருத்தம் பாடிக்கொண்டிருந்தான். நாற்பது நாட் பயிற்சி அவனுடையது. இரண்டாம் அடியில் அவன் குரல் சபைக்கு எட்டாது நின்றது, சற்றே வந்தது, மீண்டும் நின்றது. தன் குரலிலேயே பிழையென்று எண்ணிய அப்பிள்ளை பாட்டை நிறுத்தித் திரைக்குப் பின்னே போய்விட்டான். முன்வரிசையில் அவன் தாயார் இருந்தார். மறுநாட் காலையிலேயே பழைய மாணவர் சிலர், "சேர், புதியது ஒன்றை வாங்கிவிடுவோம், பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றனர். அவர்தம் அன்பு பெரிது. ஆயின் அன்று அப்பணத்தைப் பெற்றிருந்தால் எத்துணைப் பெருந்தவறு நிகழ்ந்திருக்கும் என்பதை ஒரு கிழமை கழித்தே அறிந்தேன்.

நமது கல்லூரியிற் பயின்று, வானொலிப் பெட்டி திருத்தும் தொழிலில் முதுமையெய்திய ஒருவரை அழைத்துவந்தோம். அவர் மிக்ஸரைத் தொடவேயில்லை. "மாஸ்ரர், முதலிலே வயரைப் பார்ப்பம்" என்று கம்பிகள் அனைத்தையும் நிலத்தில் நீட்டச் செய்தார். மேடைக் கம்பியின் செருகியில் மூன்று முனைகள் உள. ஒன்று கம்பியின் வெளியுறைக்கு உரியது. மற்றிரண்டும் ஒரே ஒலியை ஒன்றுக்கொன்று எதிர்முகமாய்க் கொண்டுசெல்வன. வழியில் இரைச்சல் புகுந்தால் அஃது இரண்டிலும் ஒருபடித்தாய்ப் புகும். மிக்ஸர் இரண்டின் வேற்றுமையை மட்டுமே கொள்ளுதலின் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இவற்றுள் ஒன்று அறுந்தால் ஒலி மெலிந்து இரைச்சல் மேலோங்கும். எம்மிடமிருந்த கம்பிகளுள் ஏறக்குறைய மூன்றிலொன்று செருகியின் கழுத்தருகே அறுந்திருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் முழங்கையிற் சுற்றி முறுக்கிக் கட்டிவைக்கும் நமது வழக்கமே அதற்குக் காரணமாம். சொன்னபோது சிறிது நாணினேன். சுற்றியவர்களுள் யானும் ஒருவன்.

அடுத்து, விருத்தம் பாடிய அதே ஒலிவாங்கியை அதே கம்பியோடு வேறொரு சனலில் இணைத்தார். குரல் தெளிவாய் வந்தது. கோளாறு கம்பியோடு கூடப் போனால் கம்பியிற் பழுது. இருந்த இடத்திலேயே நின்றால் சனலிற் பழுது. இது பணஞ் செலவில்லாத சோதனை, எவருஞ் செய்யலாம். அச்சனலின் பின்புறத்தே, வேறு கருவியை இடையிற் சேர்ப்பதற்கென ஒரு துளை உண்டு. துளை வெறுமையாய் இருக்கும்போது உள்ளேயிருக்கும் மெல்லிய தகடொன்றே ஒலியை அப்பாற் செலுத்தும். கடற்காற்றுப் படும் ஊரில் அத்தகடு களிம்பேறிவிடும். அவர் வெறுஞ் செருகி ஒன்றை அத்துளையிற் பத்துப் பன்னிரண்டு முறை இட்டெடுத்தார். போன குரல் திரும்பிற்று! நாற்பது நாள் உழைப்பைக் கெடுத்தது களிம்பு படிந்த அத்தகடுதான்.

பேடர்களில் எழும் கரகரப்புக்குக் கரித்தடத்திற் படிந்த புழுதி காரணம். அதற்கென விற்கும் துப்புரவுத் திரவத்தையே தெளித்தல் வேண்டும். கதவுக் கீலுக்கு இடும் எண்ணெயை யாரோ முன்பு தெளித்திருந்தமையால், எம்முடையவற்றுட் சில புழுதியைச் சேறாக்கி வைத்திருந்தன.

இனி, என்றுமே தீராதிருந்த இரைச்சலைப் பற்றிக் கூறுவேன். பெட்டியைத் திறந்தபோது மின் வழங்கும் பகுதியிலுள்ள பெரிய கொள்ளளவிகள் இரண்டு தலை வீங்கியிருந்தன. அவை வயதானால் உலர்ந்துபோம். மின்னை மட்டஞ் செய்யும் ஆற்றல் குறைந்து, செக்கனுக்கு 100 தடவை அதிரும் உறுமல் ஒலியோடு கலந்து வரும். மின்னிணைப்பை நீக்கிய பின்னும் இத்தகைய கொள்ளளவிகளில் மின் தங்கி நிற்குமாதலின், மாணவர் இப்பெட்டியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. அவற்றை மாற்றியதும் உறுமல் ஒழிந்தது.

அப்பால் அவர் மிக்ஸரின் சுவர்ச் செருகியைத் திறந்து பார்த்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். உள்ளே புவித்தொடுப்புக் கம்பி, ஏர்த் என்று நாம் சொல்லும் அப்பச்சைக் கம்பி, வெட்டிவிடப்பட்டிருந்தது. அதனைச் செவ்வனே இணைத்தவுடன் புதியதோர் உறுமல் எழுந்தது. அருகில் நின்ற சங்கீத ஆசிரியை, "இது பழைய சுருதிதான், ஒரு தாயி கீழே" என்றார். அவர் செவி பிழைக்கவில்லை. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை அதிர்வது. 50க்கும் 100க்கும் உள்ள தொலைவு கீழ்ச் சட்சத்துக்கும் மேற் சட்சத்துக்கும் உள்ள தொலைவே.

மிக்ஸர் மண்டபத்தின் நடுவே ஒரு சுவரிலிருந்து மின் பெற்றது. பெருக்கிகளோ மேடையருகே வேறொரு சுவரிலிருந்து பெற்றன. இரண்டின் ஏர்த் வழிகளும், இடையே ஓடிய ஒலிக்கம்பியின் உறையுஞ் சேர்ந்து ஒரு வளையமாயின. அவ்வளையத்திற் சுற்றும் சிறு மின்னோட்டமே உறுமலாய்க் கேட்டது. முன்னொரு காலத்தில் அதனைப் போக்க எண்ணிய எவரோ பச்சைக் கம்பியை வெட்டியிருக்கின்றார். உறுமல் நின்றது, அவரும் மகிழ்ந்திருப்பார். ஆயின் அன்றுமுதல், பெட்டியினுள் மின்கம்பி ஒன்று உலோகக் கூட்டைத் தொட்டிருந்தால், அம்மின் நிலத்துக்குச் செல்ல ஒலிக்கம்பியின் மெல்லிய உறையன்றி வேறு வழியில்லை. அதுவும் கழன்றிருந்தால் ஒரு பிள்ளையின் கையிலிருக்கும் ஒலிவாங்கியே வழியாகும். இது வெறும் அச்சமன்று. 1972ஆம் ஆண்டு மே மாதம், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னுங் கித்தார்க் கலைஞர், சரியான புவித்தொடுப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு, சபையோர் கண்முன்னே மின் தாக்கி மாண்டார். எங்கள் மேடையில் அந்நிலையில் எத்தனை மாணவர் பாடியிருப்பர் என்று எண்ணிய அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

புதிய மிக்ஸரை வாங்கியிருந்தால் அது தன் சொந்தச் செருகியோடு வந்திருக்கும். உறுமலும் உடன் எழுந்திருக்கும். "புதியதும் பழுது" என்று சொல்லி மீண்டும் ஒருவர் கத்தியை எடுத்திருப்பார். நோய் பெட்டியில் இல்லை, மண்டபத்தில் இருந்தது. ஆகவே பழைய மாணவர் தந்த பணத்தில் முதற்கண் மண்டபத்தின் புவித்தொடுப்பைச் சோதித்துத் திருத்தினோம். மேடையருகேயுள்ள அதே இணைப்பிலிருந்து தடித்த மூன்றிழைக் கம்பி ஒன்றை மிக்ஸர்வரை இழுத்து, கருவிகள் யாவற்றுக்கும் மின் ஓரிடத்திலிருந்தே வரச் செய்தோம். மிக்ஸருக்கும் பெருக்கிக்கும் இடையே, ஒலியை மட்டும் கடத்தி வளையத்தை அறுக்கும் சிறு நிலைமாற்றியைப் பொருத்தினோம். மின் 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே துண்டித்துவிடும் ரிப் சுவிச் ஒன்றையும் அமைத்தோம். உறுமல் போயிற்று, பச்சைக் கம்பி இருக்கின்றது. எல்லாவற்றிற்கும் ஆன செலவு புதிய கருவியின் விலைக்கு மிகக் குறைந்ததே.

அவ்வாறாயின் பழையதை என்றும் திருத்திக்கொண்டே இருக்கலாமோ எனின், அதுவும் இயலாது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, திருத்துவதன்றி நமக்கு வேறு வழியில்லை. இன்று அக்கருவிக்கு ஒத்த பேடர்கள் கிடைப்பதில்லை. ஈயப் பற்றாசு விட்ட இடத்தை மீண்டும் மீண்டும் உருக்கியதால் பலகையின் செப்புத் தடமே பெயர்ந்து வருகின்றது. உதிரிப்பாகம் இல்லாதபோதும், ஒரே இடம் மூன்றாம் முறை கெடும்போதும் மாற்றுதலே தக்கது என்பது என் துணிபு.

மாற்றும்போது எண்முறை மிக்ஸரா, பழைய முறையதா என்ற வாதம் எழுந்தது. எண்முறைக் கருவி ஒவ்வொரு காட்சிக்குமுரிய அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். இருபது ஒலிவாங்கிகள் வேண்டும் நாடகத்துக்கு அதன் உதவி பெரிது. அதை மறுப்பவன் நாடகம் பழக்கியவன் அல்லன். ஆயின் அதன் மூளை நின்றால் எல்லாச் சனல்களும் ஒருங்கே நிற்கும். நம்மூரில் அதனைத் திறந்து பார்ப்பார் அரியர். நமது ஒலிப்பொறுப்பாளரோ ஆண்டுதோறும் பரீட்சை எழுதிக் கல்லூரியை விட்டுப் போகும் மாணவர். எந்தப் பிடி எதைச் செய்கின்றதென்று கண்ணாற் கண்டு ஒரு பிற்பகலிற் கற்கத்தக்கதே அவர்க்கு ஏற்றதென்று கருதி, பழைய முறையிலான பதினாறு சனற் கருவியையே தெரிந்தோம். அதனுடன் ஒரு கம்பிச் சோதிப்பானும், கம்பிகளைச் சுற்றாது தொங்கவிட ஒரு மரச்சட்டமும் வந்தன.

விருத்தம் பாடிய மாணவன் மறு ஆண்டு மேடையேற மறுத்தான். அதற்கு அடுத்த ஆண்டு பாடினான். பழைய மிக்ஸர் இப்பொழுது ஒத்திகை அறையில் இருக்கின்றது. அதன் ஒன்பதாஞ் சனல் மட்டும் இன்னும் பேசுவதில்லை.