காருக்குள் பாட்டு நுழையும் வழிகள்

கார் ஸ்டீரியோ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதனுள் நடப்பது மூன்று வேலைதான். முதலில் ரேடியோ, கேசட், சிடி என்று ஏதோ ஒன்றிலிருந்து பாட்டு மெல்லிய மின்சிக்னலாக எடுக்கப்படுகிறது. அடுத்து அந்தச் சிக்னலின் வால்யூம், பாஸ், டிரெபிள் ஆகியவை சரிசெய்யப்படுகின்றன. கடைசியில் ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. ஓர் ஐபாடையோ எம்பி3 பிளேயரையோ செல்போனையோ இதனுடன் இணைப்பதென்றால், அதிலிருந்து வரும் பாட்டை இந்த வரிசையில் எந்த இடத்தில் உள்ளே விடுவது என்பதே கேள்வி. நேராக நடுப்பகுதிக்குள் விட்டால் பாட்டு கெடாமல் போய்ச் சேரும். ரேடியோ வழியாகவோ கேசட் வழியாகவோ சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பகுதியின் குறைகளும் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

விரும்பிய பாட்டைக் காரில் கேட்கும் ஆசை பழையது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1956ஆம் ஆண்டு மாடல் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே இசைத்தட்டு சுழலும் கருவியையே பொருத்திக் கொடுத்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுழலும் தனி வகைத் தட்டுகள் அதற்கு வேண்டியிருந்தன. வீட்டில் வாங்கி வைத்திருந்த தட்டு எதுவும் அதில் பாடாது. சில ஆண்டுகளிலேயே அந்தக் கருவி சந்தையிலிருந்து மறைந்துபோனதில் வியப்பில்லை. பிலிப்ஸ் 1963இல் வெளியிட்ட சிறிய கேசட்தான் வீட்டுக்கும் காருக்கும் பொதுவான பொருளாக ஆனது. பிடித்த பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கடையில் ஒரு 60 நிமிடக் கேசட்டில் பதிவுசெய்து வாங்கிப்போகும் வழக்கம் தமிழ்நாட்டில் சிடி பரவும் வரை இருந்தது.

கையடக்கக் கருவிகள் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1979இல் சோனியின் வாக்மேனும் 1984இல் அதே நிறுவனத்தின் கையடக்க சிடி பிளேயரும் 2001இல் ஆப்பிளின் ஐபாடும் வந்தன. மூன்றிலும் பாட்டு வெளியே வர ஹெட்போன் துளை இருந்தது. கார் ஸ்டீரியோவிலோ வெளியிலிருந்து வரும் பாட்டை வாங்கிக்கொள்ளத் துளையே இல்லை. தன் வாய்க்குள் போகும் கேசட்டையோ சிடியையோ மட்டுமே அது அறியும்.

இந்த இடைவெளியை அடைக்க வந்தவற்றில் மிகவும் சாமர்த்தியமானது கேசட் அடாப்டர். பார்வைக்கு இது சாதாரணக் கேசட். ஓரத்திலிருந்து ஒரு வயர் மட்டும் வெளியே வந்து பிளேயரின் ஹெட்போன் துளைக்குப் போகும். உள்ளே டேப் கிடையாது. டேப் ஓட வேண்டிய இடத்தில், காரின் கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு நேர் எதிரே, இன்னொரு சிறிய ஹெட் பொருத்தப்பட்டிருக்கும். கேசட் டெக்கின் ஹெட் அறிவதெல்லாம் தன் முன்னால் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தை மட்டுமே. அந்தப் புலம் டேப்பில் படிந்த துகளிலிருந்து வருகிறதா, பக்கத்துச் சுருளிலிருந்து வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. அடாப்டரின் ஹெட் பாட்டின் மின்னோட்டத்தைக் காந்தப்புலமாக மாற்ற, எதிரே உள்ள ஹெட் அதைத் திரும்ப மின்னோட்டமாக மாற்றிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்தொடர்பு எதுவும் இல்லை என்பது பின்னால் சொல்லப்படும் ஓர் இரைச்சலுக்கு மருந்தாகவும் அமைகிறது.

அடாப்டரின் உள்ளே பல்சக்கரங்கள் இருப்பதற்கும் காரணம் உண்டு. டேப் நின்றுவிட்டால் கேசட்டை வெளியே தள்ளவோ மறுபக்கத்துக்குத் திருப்பவோ செய்யும்படி பல டெக்குகள் அமைக்கப்பட்டிருந்தன. இரண்டு சுருளும் சேர்ந்து சுழன்றால்தான் டேப் ஓடுகிறது என்று டெக் நம்பும். அந்தச் சக்கரங்கள் தேய்ந்தால் பாட்டுக்கு அடியில் கறகறவென்று ஒரு சத்தம் கேட்கும். அடாப்டர் கெட்டுப்போக முக்கியக் காரணமும் அதுவே. டெக்கில் டால்பி பொத்தான் இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டும். டேப்பின் இரைச்சலை அடக்க உயர்ந்த சுரங்களைக் குறைப்பது டால்பியின் வேலை; அடாப்டர் வழியாக வரும் பாட்டில் டேப் இரைச்சலே இல்லாததால், பாட்டு மங்கி ஒலிப்பதுதான் மிச்சம். இத்தனை தந்திரத்துக்குப் பிறகும் ஒலி ஒரு நல்ல கேசட்டின் தரத்தில் இருக்கும். விலையை வைத்துப் பார்த்தால் அது பெரிய சாதனை.

கேசட் வாயும் இல்லாத காருக்கு மிஞ்சுவது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகப்படும் இந்தச் சிறு கருவி உண்மையில் ஒரு குட்டி வானொலி நிலையம். பிளேயரின் பாட்டை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலைவரிசையில் ஒலிபரப்பும். காரின் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். வயரும் வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். இந்த வசதியால்தான் இது விற்றது. ஒலித்தரத்துக்காக யாரும் இதை வாங்கியிருக்க முடியாது. எஃப்.எம். ஸ்டீரியோவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வெட்டப்படுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதும்போது எஃப்.எம். ரேடியோ நடந்துகொள்ளும் விதம். வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டுவிடுவது அதன் இயல்பு. டிரான்ஸ்மிட்டரின் சக்தியோ மிக மிகக் குறைவு.

ஊருக்குள் இதைப் பயன்படுத்துவதில்தான் கஷ்டம். சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, இரண்டு பக்கமும் சற்று இடம் உள்ள காலி எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் போனால் அந்த எண் அடுத்த மாவட்டத்தில் வேறொரு நிலையத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5இல் ஒலிக்கும் அகில இந்திய வானொலி தென்மாவட்டங்களில் வெகுதூரம் கேட்கும். அந்தப் பக்கம் போகிறவர் அந்த எண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் விட்டுவிடுவதே நல்லது. இலங்கையில் ஓடும் ஜப்பானிய இறக்குமதிக் கார்களில் வேறொரு தொல்லை. ஜப்பானின் எஃப்.எம். நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. பழைய ஸ்டீரியோக்கள் அந்த எல்லைக்கு மேல் போகாது. டிரான்ஸ்மிட்டரும் ரேடியோவும் சந்திக்கக்கூடிய இடம் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட சிறு துண்டு மட்டுமே.

சட்டமும் இதில் தலையிட்டது. பிரிட்டனில் 2006 டிசம்பர் 8 வரை இத்தகைய டிரான்ஸ்மிட்டரைப் பயன்படுத்துவது குற்றம். அதன்பின் 50 நானோவாட் வரை அனுமதிக்கப்பட்டது. ஒரு வாட்டின் இரண்டு கோடியில் ஒரு பங்கு அது. பக்கத்துக் காருக்குப் பாட்டு கேட்கக் கூடாது என்பதே விதியின் நோக்கம் என்பதால், சொந்தக் காரின் ஆன்டெனா பின்பக்கம் இருந்தால் அதற்கும் சரியாகக் கேட்காமல் போவதுண்டு. ஆன்டெனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே நேரடியாகச் செருகும் மாடுலேட்டர் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு ஸ்டீரியோவை வெளியே இழுத்தாக வேண்டும்.

கார் நிறுவனங்கள் விழித்துக்கொண்டு முன்பக்கத்திலேயே 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளையை வைக்கத் தொடங்கியதும் மேற்சொன்ன வித்தைகளுக்குத் தேவை குறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை கொண்ட வயர் போதும். முனையின் நுனி இடது ஒலி, நடு வளையம் வலது ஒலி, அடிப்பாகம் எர்த். பாட்டு நேராக ஸ்டீரியோவின் நடுப்பகுதிக்குள் போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த வழிகளில் எளிமைக்கும் ஒலித்தரத்துக்கும் இதை மிஞ்சியது இல்லை என்றே சொல்லலாம்.

ஆக்ஸில் பலர் கவனிக்காத ஒன்று, வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது. பிளேயரில் வால்யூமைக் குறைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால், பாட்டோடு சேர்ந்து பின்னணி இரைச்சலும் பெருகும். பிளேயரில் கடைசிவரை ஏற்றினாலோ அதன் சிறிய ஆம்ப்ளிஃபையர் திணறி ஒலி பிசிறடிக்கும். பிளேயரை முக்கால் அளவுக்கு மேல் சற்று ஏற்றி வைத்துவிட்டு, மற்றதை ஸ்டீரியோவின் குமிழில் பார்த்துக்கொள்வதே முறை. பிளேயரில் ஈக்குவலைசர் இருந்தால் அணைத்துவிடுவது நல்லது. இரண்டு இடத்தில் பாஸ் ஏறினால் கதவுப் பலகைதான் அதிரும்.

ஆக்ஸ் வயரைச் செருகி, அதே நேரம் போனைக் காரின் சார்ஜரிலும் போட்டவுடன் ஒரு கீச்சொலி கேட்கத் தொடங்குவது பரவலான அனுபவம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஒலியும் மேலே ஏறும். அது ஆல்டர்னேட்டரின் குரல். என்ஜின் ஓடும்போது பேட்டரியை 14 வோல்ட் அளவில் சார்ஜ் செய்யும் அந்த ஜெனரேட்டரின் மின்சாரத்தில் எப்போதும் ஒரு நடுக்கம் இருக்கும். போனின் எர்த் சார்ஜர் வழியாக ஓரிடத்திலும், ஆக்ஸ் வயர் வழியாக ஸ்டீரியோவில் இன்னோரிடத்திலும் காரின் உடலோடு சேர்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள நூலளவு வோல்ட் வித்தியாசம் எர்த் வழியாகச் சுற்றிவந்து பாட்டோடு கலந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் காரணம் இதுதான் என்று உறுதி. ஆக்ஸ் வயரின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் இதைத் தீர்க்கும். அதற்குள் இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப்போகும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். கேசட் அடாப்டருக்கு இயல்பிலேயே வாய்த்த குணம்தான் இது.

யுஎஸ்பி துளை வந்ததும் விஷயம் வேறு திசைக்குப் போனது. பென் டிரைவில் இருப்பது ஒலி அல்ல, கோப்பு. அதைப் படித்து ஒலியாக்கும் வேலையை இப்போது ஸ்டீரியோவே செய்கிறது. 128 கிலோபிட் எம்பி3 பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 1 மெகாபைட் என்பதால், 8 ஜிபி பென் டிரைவில் ஏறத்தாழ 2,000 பாட்டு அடங்கும். டிராவல்ஸ் வேன்களிலும் வாடகைக் கார்களிலும் பென் டிரைவ் இன்றும் செல்வாக்கோடு இருப்பது இதனால்தான்: டிரைவரின் போனுக்குக் கால் வந்தாலும் பாட்டு நிற்காது. ஸ்டீரியோ பென் டிரைவைப் படிக்க மறுத்தால் பெரும்பாலும் அது எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். பழைய செட்டுகளுக்கு ஃபாட்32தான் தெரியும். பாட்டு வரிசை தாறுமாறாக வருவதற்கும் விளக்கம் உண்டு. பல செட்டுகள் பெயரின் அகரவரிசையைப் பார்ப்பதில்லை, கோப்பு எந்த வரிசையில் பதியப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். தமிழில் பெயரிட்ட பாட்டுகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஐபாடுக்கு மட்டும் தனிக் கவனிப்பு கிடைத்தது. 2004இல் பிஎம்டபிள்யூ, ஐபாடை நேரடியாக இணைக்கும் அடாப்டரை ஆப்பிளோடு சேர்ந்து வெளியிட்டது. ஸ்டீரிங்கில் உள்ள பொத்தானிலேயே பாட்டை மாற்ற முடிந்தது. ஐபாடின் அடியில் இருந்த 30 பின் இணைப்பு இதைச் சாத்தியமாக்கியது. ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரைத் தொடாத தூய ஒலி, சார்ஜ், கட்டளை எல்லாம் அந்த ஒரே துளையில் வந்தன. ஆனால் ஒரு நிறுவனத்தின் இணைப்பை நம்பிக் காரை வடிவமைப்பதில் உள்ள ஆபத்தும் விரைவில் தெரிந்தது. தொடக்கக்காலக் கார் அடாப்டர்கள் பல, ஃபயர்வயர் பின்கள் வழியாக 12 வோல்ட் கொடுத்துச் சார்ஜ் செய்தன. 2008இல் ஐபோன் 3ஜியோடு ஆப்பிள் அந்த வழியை மூடியது. பாட்டு பாடியது, சார்ஜ் ஏறவில்லை. 2012இல் 30 பின்னே போய் லைட்னிங் வந்தது. காரின் கையுறைப்பெட்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திய வயர்கள் அத்தோடு பயனற்றுப்போயின. காரோ பதினைந்து ஆண்டு ஓடக்கூடிய பொருள்.

புளூடூத்தில் துளையும் இல்லை, வயரும் இல்லை. பாட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் டிஜிட்டலாகவே போகிறது. போனைக் காரோடு சேர்த்த பிறகும் பேச்சு மட்டும் கேட்டுப் பாட்டு கேட்காவிட்டால் அது பழுதல்ல. பேச்சுக்கு ஒரு விதிமுறை, பாட்டுக்கு வேறு விதிமுறை. 2000களில் வந்த கார்கள் பலவற்றில் முதலாவது மட்டுமே இருந்தது. பாட்டுக்குரிய ஏ2டிபி முறையில் போன் பாட்டை இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. எஸ்பிசி என்ற அடிப்படைச் சுருக்கம் எல்லாக் கருவிக்கும் பொது. எம்பி3யாக ஏற்கனவே சுருங்கிய பாட்டு மறுபடி சுருங்குவதால் நுணுக்கம் சற்றுக் குறையும். ஓடும் காரின் டயர்ச் சத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூர்மையான காது வேண்டும். 2014இல் வந்த கார்பிளேயும் அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் போனின் திரையையே காருக்கு மாற்றியதால், புதிய கார்கள் பலவற்றில் ஆக்ஸ் துளை காணாமல் போகிறது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டபோதே அதற்கு மறுமுனை இல்லாமல் போகத் தொடங்கிவிட்டது.

பழைய கார் வைத்திருப்பவருக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஆக்ஸ் துளை இருந்தால் அதில் செருகும் சிறிய புளூடூத் ரிசீவர் போதும். அதற்குக் கார் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுத்தால் கீச்சொலி திரும்பவும் வரலாம் என்பதால் ஐசொலேட்டரையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் செட்டையே மாற்றுவது மேல். ஜெர்மானிய டின் அளவு உலகெங்கும் பரவியிருப்பதால் 180க்கு 50 மில்லிமீட்டர் உள்ள ஒற்றை டின், 180க்கு 100 உள்ள இரட்டை டின் என இரண்டு அளவுகளில் கிடைக்கும். காரின் இடத்தை அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். கடையில் வாங்கும் செட்டுகளில் வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்துக்கும், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் போகும். சில கார்களின் இணைப்பில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். பொருத்திய பிறகு சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செட் தன் கடிகாரத்தையும் நிலையங்களையும் சேர்த்துவைத்த போன்களையும் மறந்துவிடுகிறது என்றால், அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட்டாலே சரியாகிவிடும்.