தனித்திருக்கும் நாளுக்கு நாலு கால்

வீட்டுக்குள் தனித்திருக்க நேர்ந்தவர்கள் முதலில் தொலைப்பது கிழமையை. இன்று புதனா வியாழனா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து வேளை தவறும். காலைப் பசியாறல் பதினொரு மணிக்கு நகரும், பகல் சாப்பாடு நாலு மணிக்கு நகரும், தூக்கம் விடியற்காலைக்குப் போய்விடும். அதன் பிறகு மனிதர்களும் மெல்ல விலகிப் போவார்கள். யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் திரும்பக் கூப்பிடக் கை வராது. ‘பேச என்ன இருக்கிறது?’ என்று மனம் சொல்லும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில், சிங்கப்பூரே இதை அனுபவித்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் சின்னம்மை கண்ட பிள்ளை, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்ன புற்றுநோயாளி, முழங்கால் அறுவைக்குப் பிறகு படியிறங்க முடியாத பெரியவர், காய்ச்சலோடு அறைக்குள் ஒதுங்கியிருப்பவர் என்று எந்தக் கிழமையிலும் நம் அடுக்குமாடிகளில் யாரோ ஒருவர் தனித்திருந்துகொண்டுதான் இருக்கிறார். ஆகவே ஒரு கோப்பைத் தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்ப்போம். வேளை ஏன் தவறுகிறது? அதைப் பிடித்து நிறுத்துவது எது?

மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962 ஜூலையில், தம் 23-வது வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கினார். கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் இல்லை. எழுந்தால், சாப்பிட்டால், படுத்தால் மேலே இருந்த தோழர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நேரத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14 அன்று ‘முடிந்தது, வெளியே வாருங்கள்’ என்று கூப்பிட்டபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. ஏறக்குறைய இருபத்தைந்து நாள் அவர் கணக்கிலிருந்து நழுவியிருந்தது.

ஜெர்மனியில் யூர்கன் அஷோஃப் என்ற அறிஞர் 1960-களில் மியூனிக் நகருக்கு அருகே ஒரு நிலவறை கட்டி, தன்னார்வலர்களை அதில் வாரக்கணக்கில் தங்கவைத்து இதையே ஆராய்ந்தார். நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சிறிய நரம்பணுத் தொகுதி ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் யாராவது அதைச் சரிசெய்யாவிட்டால், ஒவ்வொரு நாளும் சற்றுத் தாமதமாகவே ஓடும். சரிசெய்வதில் முதலிடம் காலை வெளிச்சத்துக்கு. குறித்த வேளைச் சாப்பாடு, உடம்பின் அசைவு, மற்ற மனிதர்களின் புழக்கம் ஆகியவையும் அதற்குக் கைகொடுக்கின்றன. வீட்டில் அடைந்திருப்பவருக்கு இந்த நான்கும் ஒரே சமயத்தில் குறைந்துபோகின்றன. இரவு இரண்டு மணிக்கும் விழித்திருப்பதைச் சோம்பல் என்று ஏசுகிறோமே, அது தவறு. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பந்தலுக்கு நாலு கால் போல, தனித்திருக்கும் நாளுக்கும் இந்த நான்கு வேண்டும்: வெளிச்சம், சாப்பாடு, அசைவு, ஆள். முதல் மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். நான்காவதைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அது உறுதியாக இருந்தால் மற்ற மூன்றும் நிற்கும்.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். அதைப் பார்த்ததும் வெளியார் உள்ளே வர மாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம். ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் அருகிலேயே இருந்தார். நாள்களும் எண்ணப்பட்டன. ஒற்றைப்படை நாளாகப் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் இட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். மருத்துவமாக அதை எப்படி எடைபோட்டாலும் சரி, படுத்திருந்தவருக்கு அடுத்து என்ன நடக்கும், என்றைக்கு நடக்கும், யார் செய்வார் என்பது தெரிந்திருந்தது. அது பெரிய ஆறுதல்.

இந்த ஏற்பாடு இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களின் அனுபவத்தைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். மற்ற விடுதிகளுக்கும் கட்டுப்பாடு பரவியது. மொத்தம் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் விடுதிகளில் இருந்தார்கள். பல இடங்களில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். அப்படியென்றால் தனிமை எங்கே இருந்தது? சுற்றிலும் ஆள் இருந்தும் அவர்கள் இழந்தது ஞாயிற்றுக்கிழமையை.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கும். ரேஸ் கோர்ஸ் சாலை ஓரப் புல்தரையில் ஒரே ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு கைப்பேசி ஒலிபெருக்கியில் இருக்கும். மறுமுனையில் யாரோ ஒருவருடைய அம்மா பேசுவார், வட்டத்தில் இருக்கும் எல்லாரும் அவருக்குப் பதில் சொல்வார்கள். வாரம் என்ற ஒன்று இருப்பதை உடம்புக்கும் மனத்துக்கும் நினைவூட்டியது அந்த மாலைதான். ஜூன் மாதத்துக்குப் பிறகு நகரம் படிப்படியாகத் திறந்தபோதும், ஊழியர்களின் உலகம் விடுதி, வேலையிடம், பொழுதுபோக்கு நிலையம் என்ற அளவிலேயே நின்றது. 2021 செப்டம்பரில்தான், முன்னோட்டமாக, வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா, கேலாங் சிராய் போன்ற இடங்களுக்குச் சில மணி நேரம் வந்துபோக அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. இந்த நகரத்தைக் கட்டியவர்கள் கொடுத்த விலை அது. நாம் அதை மறக்கக் கூடாது.

அந்த நாள்களில் தொண்டூழியர்கள் சாப்பாட்டோடு கைப்பேசிக்கு டேட்டாவும் போட்டுக் கொடுத்தார்கள். சோற்றுக்கு இணையாக அதையும் வைத்தது மிகச் சரி. சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை என்றால் தமிழ்நாட்டில் ஏழு மணி. அங்கே விளக்கேற்றி, பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரம். அந்த நேரத்தில் தினமும் ஒரு அழைப்பு இருந்தால், பகல் முழுவதையும் அதை நோக்கி நகர்த்திவிடலாம். குளிக்கக் காரணம் கிடைக்கும். ‘சாப்பிட்டியா?’ என்று அம்மா கேட்கும்போது பொய் சொல்லாமல் இருக்கவாவது சாப்பிடத் தோன்றும்.

அழைப்பு என்றால் எந்த அழைப்பும் போதாது. 2003-இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். தனிமைப்படுத்தும் உத்தரவு பெற்றவர்களின் வீட்டில் கேமரா பொருத்தினார்கள். அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டதும் கேமரா முன் வந்து நிற்க வேண்டும். நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது, பலனும் தந்தது. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத அழைப்பு ஆளை விழிப்பாக வைத்திருக்குமே தவிர, நாளைத் தாங்கி நிறுத்தாது. இத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்த அழைப்புதான் நாளைத் தாங்கி நிறுத்தும். நாம் அன்போடு செய்யும் அழைப்புகளும் பெரும்பாலும் முதல் வகையிலேயே விழுந்துவிடுகின்றன. நமக்கு ஒழிந்தபோது கூப்பிடுகிறோம். காத்திருப்பவருக்கு அது எப்போது என்று தெரிவதில்லை.

2021 இறுதியில் கொவிட் தொற்று கண்டவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமடையலாம் என்று ஆனபோது, தனிமை வீட்டு வாசலிலிருந்து அறை வாசலுக்கு வந்தது. மூன்றறை வீட்டில் ஒரு அறை மூடியிருக்கும். வெளியே ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதன் மேல் எவர்சில்வர் தட்டில் ரசம் சாதம், மூடி போட்ட டம்ளரில் வெந்நீர். கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு அம்மா சமையலறைக்குப் போவார். காலடி ஓசை தேய்ந்த பிறகு கதவு திறக்கும், ஒரு கை நீளும். எட்டடி தூரம்தான், ஆனால் முகம் பார்க்க வாட்ஸ்அப் வேண்டியிருந்தது. பல வீடுகளில் அந்தச் சமயம் ஒரு நல்ல காரியம் நடந்தது. வெளியே மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக ஆக்சிமீட்டர் கொடுத்திருந்தது. விரலில் மாட்டி, எண் 95-க்குக் குறையவில்லையே என்று பார்த்துச் சொல்வதும் அந்தச் சாப்பாட்டோடு சேர்ந்துகொண்டது. மருந்து, சாப்பாடு, பேச்சு மூன்றும் ஒரே வேளையில் கட்டப்பட்டால் எதுவும் தவறாது.

இனி, நாளைக்கே உங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

காலையில் ஒரே நேரத்தில் எழுந்து சன்னலைத் திறந்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. ஆகவே ஏழரைக்குச் சன்னலோரம் அரை மணி நேரம் உட்கார்வது எல்லா மாதத்திலும் செல்லும். படுக்கையை மடித்து வையுங்கள், வீட்டு உடையானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். வேளைச் சாப்பாட்டைக் கடிகாரப்படி வைத்துக்கொள்ளுங்கள். பசி இல்லாவிட்டால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். மருத்துவர் தடுக்காவிட்டால் அறைக்குள்ளேயே காலையும் மாலையும் நடங்கள். செய்திகளுக்கு நாளில் ஒரு நேரம் போதும். கைப்பேசியைத் தலையணையிலிருந்து கை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.

பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்கள் இதற்கு ஈடாகாது. ஒரே ஒருவர், ஒரே நேரம், பத்து நிமிடம். பேச விஷயம் இல்லையே என்ற கவலை வேண்டாம், செய்ய ஏதாவது இருந்தால் போதும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தேநீர் போடலாம். ஒலி 96.8-இல் ஒரே பாட்டைக் கேட்கலாம். ஒருவர் கீரை ஆய, மற்றவர் துணி மடிக்கலாம்.

தனித்திருப்பவர் வயதானவர் என்றால் இன்னொன்றும் தேவை: அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அங் மோ கியோவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். பேத்தி உட்லண்ட்ஸில் இருக்கிறாள், தொடக்கநிலை மூன்று, தமிழ் வாசிக்கத் திணறுகிறாள். தினமும் மாலை ஐந்து மணிக்கு அவள் ஒரு பத்தி வாசிக்க, பாட்டி ‘ழ’வையும் ‘ள’வையும் திருத்தினால், அங்கே உதவி பெறுவது யார்? பாட்டிக்கு வேண்டிய மருந்தும் அரிசியும் வீடு தேடி வந்துவிடும். தன்னை நம்பி ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதை யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியாது, அவராக உணர வேண்டும். ஐந்து மணி அழைப்புக்காக நாலரைக்கே தலைவாரிக் கொள்வார்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை வேளை ஒழுங்கால் சரிசெய்ய முயலாதீர்கள். உடனே உதவி கேளுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தனித்திருப்பவரை விசாரிக்கும்போது நாம் வழக்கமாகச் சொல்வது, ‘ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க.’ நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் கூப்பிடும் பாரத்தை அது நோயாளி மேலேயே வைத்துவிடுகிறது, சோர்ந்தவர் அதைத் தூக்க மாட்டார். அதற்குப் பதிலாக, ‘நாளைக்கு நாலு மணிக்கு நான் கூப்பிடுறேன்’ என்று சொல்லுங்கள். நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். மறுநாளும் நாலு மணிக்கே கூப்பிடுங்கள்.