14.7 ரகசியம்: உங்கள் வண்டி சரியாக மூச்சு விடுகிறதா? சொல்லும் ஏ.எஃப்.ஆர் மீட்டர்!

'பிக்கப் இல்லை, மைலேஜ் குறைஞ்சுடுச்சு' என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால், பல நேரம் அவர் முதலில் கழற்றுவது ஸ்பார்க் பிளக்கைத்தான். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வைத்தியம் இது. ஆனால், ஓடி முடித்த வண்டியின் கதையைத்தான் பிளக் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டுவதற்கு வந்ததுதான், ஏ.எஃப்.ஆர் மீட்டர் எனப்படும் காற்று - எரிபொருள் விகிதமானி.

அது என்ன 14.7?

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. இன்னும் எளிதாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் உள்ளே இழுக்க வேண்டும். இந்தச் சரியான அளவைத்தான் 'லாம்டா 1' என்கிறார்கள்.

மீட்டரில் எண் 14.7-க்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், அதாவது 'ரிச்'. மேலே ஏறினால் காற்று அதிகம், அதாவது 'லீன்'. ரிச்சாகவே ஓடினால் பெட்ரோல் வீணாகும், பிளக்கில் கரி படியும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். முழு வேகத்தில் லீனாக ஓடினால் ஆபத்து இன்னும் பெரிது. இன்ஜினில் 'நாக்கிங்' எனும் தட்டல் வரும்; வெப்பம் ஏறி பிஸ்டனே உருகலாம்.

அதற்காக எப்போதும் 14.7-லேயே நிற்க வேண்டும் என்பதில்லை. சீரான வேகத்தில் போகும்போது அந்த எண்ணை ஒட்டி இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கினால் 12.5 - 13 வரை இறங்குவது இயல்பு. அதிக சக்தி கிடைப்பது அந்த இடத்தில்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், எண் சட்டென்று உச்சத்துக்குப் போகும். பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் பெட்ரோலே நின்றுவிடுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

சைலன்ஸர் குழாயில் பொருத்தப்படும் ஆக்ஸிஜன் சென்ஸார்தான் இதன் உயிர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய லாம்டா சென்ஸார், 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. இன்றைய பெட்ரோல் கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் சென்ஸார்களில் பல 'நேரோபேண்ட்' வகை. அது 'ரிச்சா, லீனா' என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல 'வைடுபேண்ட்' சென்ஸார் வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்தும் நல்ல மீட்டர்களில் இருப்பது இதுதான்.

மீட்டரும் ஏமாற்றும்!

இந்த சென்ஸார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சைலன்ஸர் குழாயில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும், பிளக் சரியாகத் தீப்பொறி தராமல் 'மிஸ்ஃபயர்' ஆனாலும், மீட்டர் 'லீன்' என்றே காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால், இருக்கும் கோளாறு இன்னும் மோசமாகும். முதலில் லீக், பிளக், காயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணை நம்ப வேண்டும்.

அடுத்தது, எத்தனால். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. சென்ஸார் உண்மையில் உணர்வது லாம்டாவை. அதை 14.7-ஆல் பெருக்கித்தான் பெரும்பாலான மீட்டர்கள் எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே இ20 ஊற்றிய வண்டியிலும் சரியான கலவைக்கு 14.7 என்றே காட்டும். குழப்பம் வேண்டாம் என்றால், மீட்டரை லாம்டா கணக்கில் மாற்றிக்கொள்வது நல்லது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டரே ஓரளவுக்கு பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். பழைய கார்புரேட்டர் பைக்குகளுக்கு அந்த வசதி இல்லை. ஜெட் அளவு மாறாமல் இருப்பதால், இ20 ஊற்றும்போது அவை முன்பைவிடச் சற்று லீனாக ஓடும்.

யாருக்குத் தேவை?

கார்புரேட்டரை டியூன் செய்பவர்கள், சைலன்ஸரோ ஏர் ஃபில்டரோ மாற்றியவர்கள், இ.சி.யூ ரீமேப் செய்தவர்கள், ரேஸ் வண்டி வைத்திருப்பவர்கள்: இவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, காப்பீடு. சென்ஸாரை கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், தண்ணீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். மின் இணைப்பு கொடுக்காமல் சென்ஸாரைக் குழாயிலேயே விட்டு ஓட்டினால், கரி படிந்து கெட்டுவிடும்.

எந்த மாற்றமும் செய்யாத புது காருக்கு இது தேவையில்லை. குழாயில் துளை போட்டால் வாரன்ட்டியும் கேள்விக்குறியாகலாம். அவர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓ.பி.டி போர்ட்டில் சின்ன ஸ்கேனரைச் செருகி, மொபைல் ஆப்பில் 'ஃபியூயல் டிரிம்' எண்ணைப் பார்க்கலாம். அது நீண்ட நாளாக 10 சதவிகிதத்தைத் தாண்டிக் கூடியோ குறைந்தோ இருந்தால், மெக்கானிக்கைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.