கெல்லி மாளிகைக்கு ஒருநாள் சென்று வாருங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் பெற்றோர்களே! பேராக்கில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் கெல்லி மாளிகை இருக்கிறது. ஈப்போ வட்டாரத்தில் உள்ளவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள்; கட்டுச்சோறும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1890-இல், இருபது வயதில் மலாயா வந்தார். காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டார். ஈயத்திலும் பணம் சேர்த்தார். முதலில் ஒரு வீடு கட்டினார். அது போதாமல், 1915-இல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரத்துக்கு மின்தூக்கி வைக்கவும் இடம் விட்டார். 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

"பேய் வீடு" என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பூச்சு இல்லாத சுவரில் தெரியும் செங்கல்லைக் காட்டுங்கள். அது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. அதை அடுக்கிக் கட்ட மதராஸிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் வந்தார்கள். அந்த வளைவுகளெல்லாம் நம்மவர்களின் கைவேலை என்று சொல்லுங்கள்.

வேலை நடந்த காலத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். மிஞ்சியவர்கள், "அம்மனுக்கு ஒரு கோவில் வேண்டும்" என்று கேட்டார்கள். துரையும் சம்மதித்தார். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த மாரியம்மன் கோவிலையும் பாராமல் திரும்பாதீர்கள். மேலே சாமி சிலைகளோடு, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் சிலையும் நிற்கும். அவர்தான் ஸ்மித் துரை என்பார்கள். நன்றி மறவாத தொழிலாளர்கள் வைத்த சிலை அது.

துரையின் பெயர் மாளிகைக்கு இருக்கிறது, சிலையும் இருக்கிறது. காய்ச்சலில் போன கொத்தனாரின் பெயரைச் சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை. நம் குடும்பங்களிலும் இதே கதைதான். பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், முதலில் பால்மரம் வெட்டிய தோட்டம் எது என்று கேட்டால், எத்தனை பிள்ளைகள் சொல்வார்கள்?

ஆகவே, மாளிகை பார்த்துவிட்டு வந்த அன்றிரவே பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு, பெயர்களையும் ஊர்களையும் எழுதச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.