மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

தீராத கழுத்துவலி, முதுகுவலி, தோளில் உள்ளாடைப் பட்டை அழுத்திய தடம், மார்புக்குக் கீழே வியர்வைப் புண்... இதிலிருந்து விடுபடத்தான் பல பெண்கள் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். சிலருக்கு அப்போது குழந்தை பற்றிய யோசனையே இருக்காது. ஆனால் கர்ப்பம் உறுதியானதும் கேள்வி வந்து நிற்கும்: "எனக்குப் பால் வருமா?"

பலருக்கு வரும். குழந்தைக்கு முழுசா போதுமா என்பதுதான் விஷயம்.

ஆபரேஷனில் என்ன மாறுகிறது?

பால் சுரக்கும் திசு, பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்கள், காம்பின் நரம்பு - இந்த மூன்றும் முக்கியம். குழந்தை சப்பும்போது நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகும். உடனே இரண்டு ஹார்மோன்கள் வெளிவரும். புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும், ஆக்ஸிடோசின் அதை வெளியே தள்ளும். ஆபரேஷனில் கொழுப்போடு கொஞ்சம் சுரப்புத் திசுவும் போய்விடும். நாளங்களும் நரம்பும் வெட்டுப்படலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. பெரும்பாலும் காம்பை அடித்திசுவோடு ஒட்டியபடியே இடம் மாற்றுவார்கள். இதில் நாளங்கள் ஓரளவு தப்பும். மார்பகம் மிகப் பெரிதாக இருந்தால் சில நேரம் காம்பைத் தனியாக எடுத்துப் புது இடத்தில் ஒட்டுவார்கள். இந்த முறையில் பால் வெளியே வரும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்களுக்கு எந்த முறை என்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கலாம். தேடி எடுத்து வையுங்கள்.

வருடங்கள் போகப் போக நரம்பு மெல்ல மீளும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் சில நாளங்கள் மறுபடி இணையலாம். அதனால் முதல் குழந்தையைவிட இரண்டாவது குழந்தைக்குக் கூடுதலாகப் பால் கிடைப்பதும் உண்டு.

பால் போதுதான்னு எப்படித் தெரியும்?

மார்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டி மார்பு கனக்கும். அது வெட்டுப்பட்ட நாளத்துக்குப் பின்னால் தேங்கிய பாலாகவும் இருக்கலாம். குழந்தையைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் 2 வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். "அழாம சமத்தா தூங்குது" என்று விட்டுவிடவும் கூடாது. பால் பத்தாத குழந்தை சோர்ந்துபோயும் தூங்கும்.

பத்தலைன்னா?

தாய்ப்பாலையே நிறுத்திவிட வேண்டியதில்லை. கிடைக்கும் கொஞ்சப் பாலும் குழந்தைக்கு நல்லதுதான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை மார்பில் போட்டுவிட்டு, மீதியை டாக்டர் சொல்லும் அளவில் பால்பவுடராகக் கொடுக்கலாம். காம்பருகே மெல்லிய குழாயை ஒட்டி, குழந்தை மார்பில் சப்பும்போதே கூடுதல் பாலையும் குடிக்க வைக்கும் வழியும் இருக்கிறது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் உண்டு. ஆனால் அந்தப் பாலில் முன்னுரிமை குறைமாதக் குழந்தைகளுக்குத்தான். பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம்.

மறைக்காமல் சொல்லுங்கள்

கூச்சத்தால் சிலர் இந்த ஆபரேஷனைப் புகுந்த வீட்டில் சொல்வதில்லை. அது அவரவர் விருப்பம். ஆனால் மகப்பேறு டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்தால்தான் முதல் வாரத்தில் குழந்தையின் எடையை அடிக்கடி பார்ப்பார்கள்.

இனிமேல்தான் ஆபரேஷன் என்றால், "பிறகு குழந்தை பெத்துப் பால் கொடுக்கணும்" என்று சர்ஜனிடம் முதலிலேயே சொல்லுங்கள். எந்த முறையில் செய்வது என்ற முடிவே அதனால் மாறலாம்.